ஏபோல் பாலத்தில் காரை நிறுத்திய பிறகு

பொங்கல் விழாவில் சாப்பிட்ட கையைக் கழுவ வரிசையில் நின்றபோது நாலைந்து பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மாமா, மெய்ன்ல நீங்க நடந்த அந்த நூறு மைல் காட்டுல நாங்களும் ஒரு நாள் நடக்கணும். ஆகஸ்ட் கடைசில போறோம். என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் குடுங்க." கேட்டவர்களில் ஒருவர்கூட பூங்காவைச் சுற்றுவதைத் தாண்டி நடந்ததில்லை. வாங்க வேண்டிய லிஸ்டை எந்தக் கடைக்காரரும் தருவார். எனக்கு 71 வயது. அந்தக் காட்டை முழுதாக ஒரு முறையும், துண்டு துண்டாகப் பல முறையும் நடந்து, செய்யக்கூடாததை எல்லாம் செய்து பார்த்தவன். லிஸ்டுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1. போகிற இடம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பலாச்சியன் டிரெயில் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்னில் கட்டாடின் மலை உச்சியில் முடிகிறது. சுமார் 3,500 கிலோமீட்டர். 1921இல் பென்டன் மெக்கை என்பவர் எழுதிய கட்டுரையில் பிறந்த யோசனை. 1937இல்தான் முழுப் பாதையும் ஒன்றாக இணைந்தது. மெக்கை மனத்தில் இருந்த வட எல்லை நியூ ஹாம்ப்ஷரின் வாஷிங்டன் மலை. அதை மெய்ன் வரை இழுத்து வந்ததில் மைரன் ஏவரி என்ற மெய்ன்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே நடந்து பாதையை அளந்த மனிதர். ஊர்ப் பாசம் நமக்கு மட்டும்தானா என்ன!

கட்டாடின் என்றால் பெனாப்ஸ்காட் பழங்குடி மக்களின் மொழியில் 'மிகப் பெரிய மலை'. அந்த மலைக்குத் தெற்கே, மான்சன் என்ற சிற்றூர் வரைக்கும் உள்ள நூறு மைலைத்தான் 'ஹண்ட்ரட் மைல் வில்டர்னஸ்' என்கிறார்கள். நீங்கள் அதன் வால் பக்கமாக, பெனாப்ஸ்காட் ஆற்றின் மேல் இருக்கும் ஏபோல் பாலத்திலிருந்து நுழையப் போகிறீர்கள். மூன்றரை மைலில் ஹர்ட் ஓடையும் ஒரு கொட்டகையும் வரும். 6 மைலில் ரெயின்போ லெட்ஜஸ் என்ற வெட்டவெளிப் பாறை. அதிலிருந்து ஏறக்குறைய 2 மைல் இறங்கினால் ரெயின்போ ஏரி. போன வழியே திரும்பி வர வேண்டும்.

நுழைவில் ஒரு பலகை இருக்கும். பத்து நாள் சாப்பாடு கையில் இல்லாமல் உள்ளே போகாதே, மான்சன் வரைக்கும் பொருளும் கிடைக்காது, உதவியும் கிடைக்காது என்று சொல்லும். நாம்தான் சாயங்காலம் வந்துவிடுவோமே என்று சிரித்துக்கொண்டே அதன் முன்னால் படம் எடுப்பீர்கள். எடுங்கள். சாப்பாட்டு வரி முழுதும் நடப்பவர்களுக்கு. உதவி கிடைக்காது என்ற வரி உங்களுக்கும் சேர்த்துத்தான். செல்போனை அங்கே கேமரா என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2. லாரிக்கு வழி விடுங்கள்.

மில்லினாக்கெட்டிலிருந்து பாலத்துக்குப் போகும் கோல்டன் ரோடு காகித ஆலைக்காரர்கள் 1970களில் போட்டது. அதற்கு முன்பெல்லாம் வெட்டிய மரம் ஆற்றில் மிதந்து ஆலைக்கு வந்தது. இன்றும் அது மர லாரிகளின் ராஜ்யம். எதிரே புழுதி தெரிந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுங்கள். ஹாரன் அடித்து நியாயம் பேசுகிற இடம் அதுவல்ல. பாஸ்டனிலிருந்து அதே நாள் கிளம்பிப் போய் நடக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். முதல் நாள் இரவு மில்லினாக்கெட்டில் தங்கி, காலை ஆறரைக்குப் பாலத்தில் இருங்கள்.

3. உங்கள் மைலும் மெய்ன் மைலும் ஒன்றல்ல.

தெருவில் ஒரு மணி நேரத்தில் 3 மைல் நடப்பவர் அங்கே ஒன்றரை மைல் நடந்தால் நல்ல நடை. "ஏத்தமே அதிகம் இல்லையே மாமா" என்று மேப்பைக் காட்டினான் ஒருவன். ஏற்றம் அல்ல, வேர். ஒரு காலத்தில் அந்த மாநிலம் முழுவதும் பனிப்பாளத்தின் அடியில் கிடந்தது. பனி நகர்ந்து நகர்ந்து மண்ணைச் சுரண்டியது. பள்ளம் பறித்த இடங்களில் தண்ணீர் தேங்கி ஏரியானது. பாறைமேல் மிஞ்சிய மண்ணோ பல இடங்களில் ஒரு சாண்கூட இல்லை. அதில் ஆழமாக இறங்க வழியில்லாத ஸ்புரூஸ் மரங்கள் வேரைப் பக்கவாட்டில் ஓட விடுகின்றன. பாதையின் குறுக்கே, ஒன்றின்மேல் ஒன்றாக, விரல் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரை. நீங்கள் பார்த்து மயங்கப் போகும் ஏரியும், உங்கள் கட்டைவிரலைப் பதம் பார்க்கப் போகும் வேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றை மட்டும் கொடு என்று அந்தக் காட்டிடம் கேட்க முடியாது.

4. பதினோரு மணி.

இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. பதினோரு மணிக்குள் பாறைக்கு வந்துவிட்டால் ஏரிக்கு இறங்குங்கள். பதினொன்றரை ஆகிவிட்டால் பாறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். யாரும் ஓட்டெடுப்பு நடத்தக் கூடாது. 12 மைல் நடந்தவர்கள் என்ற பெயர் போதும். 16 மைல் அடுத்த வருடம்.

நான் இதைக் கற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு 52. செப்டம்பர் கடைசி; மனைவியை மோட்டலில் விட்டுவிட்டுத் தனியாக நடக்கப் போயிருந்தேன். காலையில் மோட்டலில் இட்லி மாதிரி எதையோ எதிர்பார்த்து, பான்கேக்குக்குக் காத்திருந்து, ஒன்பது மணிக்குத்தான் பாலத்தை விட்டேன். பாறைக்கு வரும்போது ஒன்றேகால். வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. 'ரெண்டு மைல்தானே, கீழ் நோக்கித்தானே' என்று இறங்கினேன். ஏரிக்கரையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி நாலு. கீழ் நோக்கி வந்தது திரும்பும்போது மேல் நோக்கி ஆகும் என்பது ஒரு பொறியாளனுக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் காட்டுக்குள் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பே பாதை மங்கிவிடும். முதலில் வேரின் நிறம் போகும், பிறகு வேரும் மண்ணும் ஒன்றாகிவிடும், கால் வைத்த பிறகுதான் எது எது என்று தெரியும். என் பையில் இருந்த டார்ச் பொம்மை டார்ச். ஹர்ட் ஓடைச் சத்தத்தைக் கேட்டு, குழந்தை மாதிரி தவழ்ந்து அக்கரை சேர்ந்தேன். கொட்டகையில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஜார்ஜியாவிலிருந்து ஆறு மாதமாக நடந்து வந்தவர்களாம். தாடியும் வாடையும் அதைச் சொல்லின. ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவன் தன் ஜாக்கெட்டை எடுத்து என்மேல் போட்டான். மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறந்த வெளி, அதற்குள் விடிய விடிய குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். மில்லினாக்கெட் மோட்டல் அறையில் என் மனைவி விடிய விடிய விளக்கை அணைக்கவில்லை. இப்போதும் வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்தால், "ரெயின்போ லேக்" என்று இரண்டே சொல்லில் என் வாயை அடைத்துவிடுகிறாள்.

ஆகவே ஆளுக்கொரு நெற்றி விளக்கு, புது பேட்டரியோடு. பகலிலேயே வந்துவிடுவோம் என்பவர்களுக்குத்தான் அது வேண்டும். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பிய உடனே அவருக்குச் சொல்லவும் மறக்காதீர்கள்.

5. நடந்தால் காலைப் பாருங்கள். மலையைப் பார்க்க வேண்டுமானால் நில்லுங்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் பல் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

ஈர வேர்மேல் கால் வைக்காதீர்கள், தாண்டி வையுங்கள். வழுக்குவது பாறையைவிட வேர்தான், அதிலும் பட்டை உரிந்து வெளுத்துப்போன வேர். சதுப்பு நிலம் வரும்போது நீளவாக்கில் பிளந்த மரங்களைப் போட்டு நடைபாலம் அமைத்திருப்பார்கள். வயல் வரப்பில் நடந்து பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அட்லாண்டாவில் பிறந்தவர்கள் என்பதால் சொல்கிறேன்: குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒன்றாகப் பலகையின் நடுவில் வையுங்கள், அடியைச் சின்னதாக எடுத்து வையுங்கள், ஒருவர் இறங்கிய பிறகு அடுத்தவர் ஏறுங்கள். திருவாரூர்ப் பக்கம் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட ஒற்றை மூங்கிலில் தலையில் நாற்றுக்கட்டோடு என் அத்தை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கீழே பார்த்தபடிதான் போவார். யாராவது கூப்பிட்டால் அக்கரை போய்த்தான் பதில்.

பலகை சேற்றில் புதைந்திருந்தால் ஷூ நனையக் கூடாதே என்று ஓரமாகச் சுற்றிப் போகாதீர்கள். ஆளாளுக்கு ஓரமாகப் போய்ப் போய்த்தான் ஒற்றையடிப் பாதை மாட்டு வண்டிப் பாதையாகிறது. அங்கே சம்பளம் இல்லாமல், விடுமுறை நாளில் வந்து பாலம் போடுகிறவர்கள் மெய்ன் அப்பலாச்சியன் டிரெயில் கிளப்பின் தொண்டர்கள்; 1935இலிருந்து இந்த வேலை நடக்கிறது. சேற்றில் இறங்கி நடங்கள். ஷூ காயும்.

6. வெள்ளைப் பட்டை கண்ணில் படாமல் சில நிமிடம் நடந்துவிட்டால் நில்லுங்கள்.

இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், வெள்ளை வண்ணம். மரத்திலும் பாறையிலும் தீட்டியிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திருப்பம் வருகிறது, கவனி என்று பொருள். நீலப் பட்டை கிளைப் பாதைக்கு. கென்னபெக் ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும் என்பதால், அந்தப் படகின் உள்ளேகூட ஒரு வெள்ளைப் பட்டை தீட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். பட்டை காணாமல் போனால் 'முன்னாடி எங்காவது வரும்' என்று போகாதீர்கள். கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்புங்கள்.

நீங்கள் போகப் போகிற இதே ரெயின்போ ஏரிப் பக்கம்தான் 1954இல் எம்மா கேட்வுட் வழி தவறினார். ஒஹாயோக்காரர், 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், அப்போது வயது 66. கட்டாடினில் ஏறி இறங்கித் தெற்கு நோக்கிக் கிளம்பிய சில நாளிலேயே பாதை மாறி, கண்ணாடியும் உடைந்து தவித்தார். வனக் காவலர்கள் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். போனார். அடுத்த வருடம் ஜார்ஜியா முனையிலிருந்து கிளம்பி, கான்வாஸ் ஷூவும் தானே தைத்த தோள்மூட்டையுமாக, மழைக்குக் குளியலறைத் திரையைப் போர்த்திக்கொண்டு நடந்து, செப்டம்பரில் கட்டாடின் உச்சியில் நின்றார். முழுப் பாதையையும் தனியாக ஒரே மூச்சில் நடந்த முதல் பெண்மணி. கடையில் 300 டாலர் பையைத் தடவிக்கொண்டு நிற்கும்போது அந்த மூட்டையை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கதை அப்படி முடியவில்லை. 2013இல் இதே மெய்னில், வேறொரு பகுதியில், அனுபவம் உள்ள ஒரு பெண்மணி ஒதுங்குவதற்காகப் பாதையை விட்டு உள்ளே போனார். திரும்பும் வழி தெரியவில்லை. பல நாள் உயிரோடு காத்திருந்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்துத்தான் உடல் கிடைத்தது, பாதையிலிருந்து இரண்டு மைல்கூட இல்லாத இடத்தில். அந்தக் காட்டில் இருபது அடி உள்ளே போய்த் திரும்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஹர்ட் ஓடைக் கொட்டகைக்கு அருகில் கக்கூஸ் உண்டு. போகும்போதும் வரும்போதும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் அவசரம் என்றால் ஒருவர் பாதையில் நிற்க வேண்டும், குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்கம் பார்க்கிற இடமில்லை. ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கட்டும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். வழி தவறிவிட்டது என்று தெரிந்துவிட்டால் அலையாமல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து ஊதுங்கள்.

7. பருத்தி வேண்டாம்.

சொல்வதற்கே எனக்கு வாய் கூசுகிறது. கதர் வேட்டியும் பருத்தி பனியனும் தவிர வேறெதுவும் உடம்புக்கு ஆகாது என்று வளர்ந்தவன் நான். நம் ஊர் வெயிலில் வியர்வையைக் குடித்து உடம்பைக் குளிர வைக்கும் அதே குணம்தான் அங்கே எமன். மழையில் நனைந்த பருத்தி காயாது. மேட்டில் காற்றடித்தால் ஆகஸ்ட் மாதத்திலேயே பல் கிட்டும். கம்பளி சாக்ஸ், சீக்கிரம் காயும் செயற்கை நூல் சட்டை, ஒரு மழைச்சட்டை. ஜீன்ஸ் காரிலேயே இருக்கட்டும்.

8. புது ஷூவைக் காட்டில் பழக்காதீர்கள். தெருவில் ஒரு மாதம் பழக்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கும் என்பதால் அரை அளவு பெரிதாக வாங்குங்கள். நகம் கறுத்து விழுந்த அனுபவம் எனக்கு இரண்டு முறை.

9. புளியோதரை.

கடையில் விற்கும் எனர்ஜி பார் எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக, வேர்க்கடலை நிறைய, வெங்காயம் கூடவே கூடாது. காலையில் கட்டினால் இரவு வரை தாங்கும். உப்பும் உண்டு, மாவுச் சத்தும் உண்டு, எண்ணெயும் உண்டு. வியர்த்து நடக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? தயிர் சாதம் வேண்டாம். முதுகில் குலுங்கிக் குலுங்கிப் பன்னிரண்டு மணிக்கு அது என்னவாக இருக்கும் என்று சோதித்துப் பார்த்தவன் சொல்கிறேன். கடலை மிட்டாய் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்; பசிக்கும் முன்பே ஒன்று. மிச்சம், காகிதம், கறிவேப்பிலைக் காம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் உங்களோடு திரும்பி வர வேண்டும். 'மக்கிப் போய்விடும்' என்று தூக்கி எறிந்ததை முதலில் மோப்பம் பிடிப்பது கரடி. மனிதன் வாசனையும் சாப்பாட்டு வாசனையும் ஒன்று என்று கற்றுக்கொண்ட கரடிக்குத்தான் கடைசியில் துப்பாக்கிக் குண்டு.

10. ஓடைத் தண்ணீர் நம் ஊர் வரக்காப்பி நிறத்தில் இருந்தால் பயப்படாதீர்கள். இலையும் பட்டையும் ஊறிய நிறம் அது. பளிங்கு போல் இருந்தால்தான் ஏமாந்துவிடாதீர்கள். ஜியார்டியா என்ற வயிற்றுக் கிருமிக்கு நிறம் கிடையாது. இரண்டையும் ஃபில்டரில் விட்டுத்தான் குடிக்க வேண்டும்.

11. கருப்பு ஈ மே நடுவிலிருந்து ஜூன் முடிய. அந்த மாதங்களில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஆகஸ்டில் கொசுவும் உண்ணியும்தான். வெளிர் நிற முழுக்கால் சட்டை, அதன் விளிம்பு சாக்ஸுக்குள், இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் அக்குளையும் தடவிப் பார்ப்பது.

12. மூஸைப் பார்த்தால் படம் எடுக்க நெருங்காதீர்கள்.

குதிரையைவிடப் பெரிய மான் அது. காது பின்னால் மடிந்து பிடரி சிலிர்த்தால், ஒரு பெரிய மரத்தை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

13. மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும்.

வேகக்காரர்கள் முன்னால் போய் நின்று காத்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், ஓய்வெடுத்து முடித்த வேகக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அப்படியானால் ஓய்வே கிடைக்காதவர் யார்? யாருக்கு அது வேண்டுமோ அவர்தான். நம் விழாக்களில் பந்தி முடிந்ததும் பரிமாறியவர்களுக்கு ரசம் மட்டும் மிஞ்சுகிற கதை. உங்களில் யார் மெதுவானவர் என்று முதல் மைலிலேயே தெரிந்துவிடும். அவரைத் தலைவராக்கி முன்னால் விடுங்கள்.

14. ஏரிக்கு வந்தால் அரை மணி நேரம் பேசாதீர்கள்.

ரெயின்போ ஏரியை ஒட்டிப் பாதை மைல் கணக்கில் போகிறது. நீங்கள் கிழக்கு முனையைத்தான் தொடுவீர்கள், அது போதும். பையை இறக்கி, ஷூவைக் கழற்றி, ஆளுக்கொரு கல்லில் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. உங்கள் காதில் உங்கள் மூச்சுதான் இருக்கும். பிறகு லூன் வரும். கறுப்புத் தலை, முதுகில் சதுரங்கக் கட்டம் போட்டது போல வெள்ளைப் புள்ளிகள், குங்குமச் சிவப்பில் கண். மற்றப் பறவைகளுக்குப் போல அதன் எலும்புகள் உள்ளீடற்றவை அல்ல, கெட்டியானவை. அதனால் தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும், சத்தமே இல்லாமல் மூழ்கும். எங்கே எழும் என்று நீங்கள் நினைத்தீர்களோ அங்கே எழாது. பறக்க வேண்டுமென்றாலும் சின்னக் குட்டை அதற்குக் காணாது. தண்ணீர்மேல் வெகுதூரம் ஓடினால்தான் உடம்பு எழும்பும்.

முழு நூறு மைலும் நடந்தபோது இந்த ஏரிக்கரையில் ஒரு ராத்திரி கூடாரம் அடித்திருந்தேன். நடுச்சாமத்தில் யாரோ ஒப்பாரியை எடுத்தது போல் ஒரு குரல். இழுத்து, மேலே போய், உடைந்து நின்றது. அக்கரையிலிருந்து இன்னொரு குரல் எடுத்துக் கொடுத்தது. தலைமயிர் நட்டுக்கொண்டது. அது லூன் என்று தெரிந்த பிறகும் தூக்கம் வரவில்லை. வெளியே வந்து விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பகலில் அவ்வளவு பாடாது. ஒரு முறை கூப்பிட்டாலும் உங்களுக்கு அதிர்ஷ்டம். புளூடூத் ஸ்பீக்கர் எடுத்து வரப் போவதாக உங்களில் ஒருவர் பொங்கல் அன்று சொன்னது என் காதில் விழாமல் இல்லை.

15. திரும்பும்போது பாறையில் ஐந்து நிமிடம்.

போகும்போது பார்த்ததுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். காலையில் கட்டாடின் பெரும்பாலும் மேகத்தில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும். பிற்பகலில் திறந்தாலும் திறக்கும். பாறை இடுக்கெல்லாம் காட்டு ப்ளூபெர்ரி. கடையில் கிடைப்பதில் கால்வாசி அளவுதான், புளிப்பும் இனிப்பும் சரிபாதி. கணுக்கால் உயரச் செடி என்பதால் குத்த வைத்துத்தான் பறிக்க வேண்டும். எனக்கு டப்பாவில் கொண்டு வந்து தருகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பாலம் வருவதற்குள் நசுங்கிச் சட்னியாகிவிடும். என் பேரைச் சொல்லி ஒரு பிடி அங்கேயே தின்றுவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.